குறைந்த செலவில் கிளிப்லெஸ் பெடல்: முதலில் ஷூவை முடிவு செய்யுங்கள்

ரோட் பைக் வாங்கி எட்டு மாதம் ஆகிறது, இன்னும் சாதாரண பெடலில்தான் ஓட்டுகிறீர்கள். வாரக் கடைசியில் 50, 60 கிலோமீட்டர். மற்ற நாட்களில் அதே சைக்கிளில்தான் வேலைக்கும் போகிறீர்கள். ஷூவைப் பெடலோடு பூட்டிக்கொள்ளும் கிளிப்லெஸ்ஸுக்கு மாற ஆசை, ஆனால் அதிகம் செலவழிக்க முடியாது. ஷிமானோ நிறுவனத்தின் இரண்டு பூட்டு வகைகளான எஸ்பிடியா, எஸ்பிடி-எஸ்எல்லா என்று குழப்பம். போதாக்குறைக்கு முட்டி எப்போதாவது லேசாக வலிக்கிறது, காலை எடுக்க முடியாமல் விழுந்துவிடுவோமோ என்ற பயமும் இருக்கிறது. நீங்கள் கேட்டிருப்பதன் சுருக்கம் இதுதான். பதில் கொஞ்சம் நீளும்.

பெடலில் ஆரம்பிக்காதீர்கள், ஷூவில் ஆரம்பியுங்கள். பெடலைப் பார்த்து மயங்கி வாங்கிவிட்டு, அதற்கேற்ற ஷூ தேடி அலைந்து, கடைசியில் பெடலின் விலையைப் போல இரண்டு மடங்கை ஷூவுக்குக் கொடுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் அவர்களில் ஒருவன்தான். உங்கள் காலோடு பெடலைப் பூட்டுவது ஷூவின் அடியில் திருகியிருக்கும் கிளீட். அந்த கிளீட்டுக்கு அடிப்பாகத்தில் எத்தனை துளை இருக்கிறது என்பதுதான் மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்யும். இரண்டு துளை என்றால் ஒரு குடும்பம், மூன்று துளை என்றால் இன்னொரு குடும்பம்.

இந்த இரண்டும் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். ‘கிளிப்லெஸ்’ என்ற பெயரே குழப்பம்தான். காலைப் பூட்டிக்கொண்டு ஓட்டும் பெடலுக்கு ‘கிளிப் இல்லாதது’ என்று பெயர்! பழைய பந்தய சைக்கிள்களில் பெடலின் முன்னால் ஒரு கூண்டும், அதைச் சுற்றி இறுக்கும் வாரும் இருக்கும். அந்தக் கூண்டுக்குத்தான் டோ கிளிப் என்று பெயர். அது இல்லாததால் இது கிளிப்லெஸ். 1971-இல் இத்தாலியின் சினெல்லி நிறுவனம் எம்71 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் காலை விடுவிக்கக் கையைக் கீழே விட்டு ஒரு நெம்புகோலை நகர்த்த வேண்டும். ஓடும் சைக்கிளில் குனிந்து அதைச் செய்ய யாருக்குத் தைரியம் வரும்? அது எடுபடவில்லை. பனிச்சறுக்குப் பலகையில் காலணியைப் பூட்டும் கருவிகள் செய்துவந்த பிரான்சின் லுக் நிறுவனம் 1984-இல் அதே உத்தியைப் பெடலுக்குக் கொண்டுவந்தது. காலைத் திருப்பினால் ஸ்பிரிங் தானாக விடும். 1985-இல் பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ அந்தப் பெடல்களோடு டூர் டி பிரான்ஸை வென்றார். கூண்டின் காலம் அத்தோடு முடியத் தொடங்கியது. இன்றைய மூன்று துளைக் குடும்பம் அந்த வழியில் வந்தது. காலை வைத்தால் அகலமான தளம், எடை குறைவு, நடப்பதைப் பற்றி வடிவமைத்தவர்கள் கவலைப்படவே இல்லை.

ஷிமானோவின் எஸ்பிடி 1990-இல் மலைச் சைக்கிள்காரர்களுக்காக வந்தது. அவர்கள் சேற்றில் இறங்கித் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டியவர்கள். அதனால் கிளீட் சின்னதாக, உலோகத்தில், ஷூவின் அடியில் உள்ள ரப்பர் பள்ளத்துக்குள் ஒளிந்திருக்கும். இரண்டு துளை. பின்னாளில் ரோட் பைக்குக்காக அதே ஷிமானோ செய்த மூன்று துளை வகைதான் எஸ்பிடி-எஸ்எல். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் எஸ்பிடியும் எஸ்பிடி-எஸ்எல்லும் ஒன்றுக்கொன்று பொருந்தவே பொருந்தா.

இப்போது உங்கள் நிலைக்கு வருவோம். நீங்கள் வேலைக்கும் அதே சைக்கிளில் போகிறவர். மூன்று துளை ஷூவைப் போட்டுக்கொண்டு நடப்பது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். அடிப்பாகம் வளையவே வளையாது. முன்பாதத்துக்குக் கீழே உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டு துருத்திக்கொண்டு நிற்கும். விரல் பக்கம் மேலே, குதிகால் கீழே என்று வாத்து நடை. டைல்ஸ் தரையில் ஒரு அடி வைத்தால் வழுக்கும், படியிறங்கும்போது சுவரைப் பிடிக்கத் தோன்றும். அதோடு ஒவ்வொரு அடியிலும் அந்தப் பிளாஸ்டிக் தேய்கிறது. நடப்பவர்களின் கிளீட் ஓட்டத்தில் தேய்வதில்லை, தரையில்தான் தேய்கிறது. கிளீட்டுக்கு ரப்பர் உறை கிடைக்கும், போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து மாட்டும் பொறுமை எனக்கு ஒரு மாதம்தான் இருந்தது.

இரண்டு துளை ஷூவில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. நடந்தால் லேசாக ‘கிளிக் கிளிக்’ என்று சத்தம் வரும், அவ்வளவுதான்.

ஆகவே என் கணக்கு இது. சைக்கிளை விட்டு இறங்கி நூறடிக்கு மேல் நடக்கும் நாள் வாரத்தில் ஒன்றிரண்டு இருந்தாலே இரண்டு துளை எஸ்பிடி. வீட்டு வாசலில் ஏறி வீட்டு வாசலிலேயே இறங்கும் நீண்ட ஓட்டம் மட்டும்தான் என்றால் மூன்று துளை. ‘ரோட் பைக்கில் எஸ்பிடி போட்டால் பார்ப்பதற்கு நன்றாக இராது’ என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் உங்கள் ஷூவுக்குப் பணம் கொடுக்கப் போவதில்லை.

எஸ்பிடிக்கு எதிராகச் சொல்லும் நியாயமான காரணம் ஒன்று உண்டு. கிளீட் சின்னது என்பதால் நீண்ட ஓட்டத்தில் பாதத்தில் ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்து எரிச்சல் வரும் என்பார்கள். அது உண்மைதான், ஆனால் குற்றம் பெரும்பாலும் பெடலுடையது அல்ல, ஷூவுடையது. அடிப்பாகம் மெத்தென்று வளைகிற ஷூவில்தான் கிளீட் பாதத்தைக் குத்தும். விறைப்பான அடிப்பாகம் இருந்தால் அந்த அடிப்பாகமே தளமாகி, அழுத்தம் பரவிவிடும். எனவே இரண்டு கைகளாலும் ஷூவை முன்னும் பின்னும் பிடித்து வளைத்துப் பாருங்கள். முன்விரல் பக்கம் கொஞ்சம் வளைந்தால் பரவாயில்லை. கிளீட் உட்காரும் இடத்தில் வளைந்தால் அதை வாங்காதீர்கள். செலவைக் குறைக்க வேண்டும் என்றால் பெடலில் குறையுங்கள், ஷூவில் குறைக்காதீர்கள். மலிவான பெடலை நான்கு வருடம் மறந்துவிட்டு ஓட்டலாம். கால் சேராத ஷூ முதல் வாரத்திலேயே நினைவூட்டிக்கொண்டே இருக்கும்.

பெடலில் குறைக்கலாம் என்று ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்? ஷிமானோவின் மூன்று துளை வரிசையில் கீழ்ப்படியில் இருக்கும் பிடி-ஆர்எஸ்500 ஜோடி ஏறக்குறைய 320 கிராம். உச்சியில் இருக்கும் டூரா-ஏஸ் 230 கிராம் அளவில். விலை பல மடங்கு. வித்தியாசம் 90 கிராம். பாட்டிலில் இரண்டு மடக்குத் தண்ணீர் குறைத்தால் அந்த எடை கணக்கு சரியாகிவிடும். மேலே போகப் போகக் கார்பன் கலந்த உடல், இன்னும் மென்மையான பேரிங், தேயும் இடத்தில் எஃகுத் தகடு எல்லாம் கிடைக்கும். ஆனால் பூட்டும் முறையும் விடுவிக்கும் முறையும் ஒன்றே. கிளீட்டும் ஒன்றே. காலுக்கு வித்தியாசம் தெரியாது.

அதே மாதிரி லுக்கில் கியோ கிளாசிக் 3. ஒரு பெடல் 140 கிராம் அளவு, ஸ்பிரிங் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கலாம், முதல் மூன்று துளைப் பெடலாக நல்ல தேர்வு. லுக்கா ஷிமானோவா என்ற பழைய சண்டையில் நான் இறங்கப் போவதில்லை. நடையில் ஷிமானோவின் கிளீட் கொஞ்சம் தாக்குப்பிடிக்கிறது என்பது மட்டும் என் அனுபவம். இரண்டுக்கும் ஷூத் துளை ஒன்றுதான், கிளீட் மட்டும் வேறு. லுக்கிலேயே பழைய டெல்டா வகைக் கிளீட் கியோ பெடலில் உட்காராது, அதையும் கவனித்து வாங்குங்கள்.

இரண்டு துளையில் பிடி-எம்520 என்ற பெயரை நினைவில் வையுங்கள். ஜோடி 380 கிராம் சுமார். பார்க்க அழகில்லை, ஆனால் சாகவே சாகாது. இரண்டு பக்கமும் பூட்டும் என்பதால் சிக்னலில் பச்சை விழுந்ததும் கீழே குனிந்து பெடலின் எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று தேட வேண்டாம். வேலைக்குப் போகும் நாளில் சாதாரணச் செருப்போடும் ஓட்ட வேண்டும் என்றால் பிடி-இஎச்500 மாதிரி ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் பூட்டு உள்ள பெடல் இருக்கிறது. உங்களுக்கு அதைத்தான் முதலில் பரிந்துரைப்பேன். பயம் உள்ள நாளில் தட்டைப் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். நெரிசலில் ஊர்ந்து போகும்போதும் அது பெரிய நிம்மதி.

கிராங்க்பிரதர்ஸ் பெடல்கள் சேற்றில் அருமை. ஆனால் கிளீட் பித்தளை, சீக்கிரம் தேயும், ஸ்பிரிங் இறுக்கத்தையும் மாற்ற முடியாது. ரோட் பைக்குக்கு அதைத் தேடிப் போக வேண்டாம். ஸ்பீட்பிளே என்ற வகைப் பெடலில் பூட்டும் ஸ்பிரிங்கே கிளீட்டுக்குள் இருக்கிறது. அதனால் கிளீட் மாற்றும் ஒவ்வொரு முறையும் பெடல் வாங்குவது போலத்தான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதை. முட்டிக்கு நல்லது என்று அதைப் புகழ்பவர்கள் உண்டு, அதில் உண்மையும் உண்டு. ஆனால் ‘குறைந்த செலவு’ என்று நீங்கள் சொன்ன பிறகு அதற்கு இடமில்லை.

பெயர் தெரியாத நிறுவனங்களின் ‘எல்லாவற்றுக்கும் பொருந்தும்’ பெடல்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒருமுறை அப்படி ஒன்று வாங்கினேன். மூன்று துளைப் பெடல் சும்மா இருக்கும்போது பின்பக்கக் கனத்தில் தானாகத் தொங்கி, முன்மூக்கு மேலே பார்த்து நிற்க வேண்டும். அப்போதுதான் கிளீட்டின் முனையை அதில் கோத்து, காலைக் கீழே அழுத்தினால் ‘டக்’ என்று விழும். நான் வாங்கியதில் பேரிங் அவ்வளவு இறுக்கம், பெடல் விட்ட இடத்திலேயே நின்றது. ஒவ்வொரு சிக்னலிலும் கால் முனையால் அதைத் திருப்பித் திருப்பி, பின்னால் வரும் வண்டியின் ஹாரனைக் கேட்டு ஓட்டினேன். மூன்றாவது மாதம் வலது பெடல் அச்சில் ஆட்டம். எல்லா மலிவுப் பெடலும் இப்படி என்று சொல்ல மாட்டேன். வெல்கோ போன்று நெடுங்காலமாகப் பெடல் மட்டுமே செய்துவரும் நிறுவனங்களின் பொருள் நன்றாகவே உழைக்கிறது. ஆனால் ஷிமானோவின் கீழ்ப்படிப் பெடலுக்கும் பெயரில்லாத பெடலுக்கும் விலை வித்தியாசம் பெரும்பாலும் சொற்பம். அந்தச் சொற்பத்தை மிச்சம் பிடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வாங்குவதாக இருந்தால், எந்த நிறுவனத்தின் கிளீட் அதற்குப் பொருந்தும் என்று பெட்டியில் தெளிவாகப் போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கிளீட் தேயும்போதுதான் அதன் அருமை தெரியும்.

முட்டி வலி என்றீர்கள். இங்கே கிளீட்டின் நிறம் முக்கியம். கால் பூட்டியபடியே குதிகால் இடமும் வலமும் எவ்வளவு அசையலாம் என்பதை ஃப்ளோட் என்பார்கள். ஷிமானோ எஸ்பிடி-எஸ்எல் கிளீட்டில் மஞ்சள் என்றால் 6 டிகிரி, நீலம் 2, சிவப்பு பூஜ்யம். லுக் கியோவிலோ சிவப்புதான் அதிகம், 9 டிகிரி. சாம்பல் 4.5, கறுப்பு பூஜ்யம். ஒரு நிறுவனத்தில் மிகத் தளர்வான நிறம் இன்னொன்றில் அசையவே விடாத நிறம்! கடையில் ‘சிவப்பு கொடுங்கள்’ என்று சொல்லிவிட்டு வந்தால் முட்டிதான் விலை கொடுக்கும். பூஜ்யம் வேண்டவே வேண்டாம். கிளீட் ஒரு முடியளவு கோணலாக இருந்தாலும் மணிக்கு ஐயாயிரம் தடவை முட்டி அந்தக் கோணலில் மடங்கும் (நிமிடத்துக்கு 85 சுற்று என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்). எஸ்பிடி கிளீட்டில் இரண்டு வகை: எஸ்எச்51 குதிகாலைப் பக்கவாட்டில் திருப்பினால் மட்டும் விடும், எஸ்எச்56 கோணலாக மேலே இழுத்தாலும் விடும். பயப்படுகிறவர்கள் எஸ்எச்56-இல் தொடங்கலாம். எழுந்து நின்று வேகமாக மிதிக்கும்போது எதிர்பாராமல் கழன்றுகொள்ள வாய்ப்பு உண்டு என்பதால் பழகிய பிறகு எஸ்எச்51-க்கு மாறிவிடுவது நல்லது.

கிளீட்டை எங்கே பொருத்துவது? ஷூவைப் போட்டுக்கொண்டு பெருவிரல் அடிமூட்டின் புடைப்பைத் தொட்டுப் பார்த்து, வெளியே மார்க்கரால் ஒரு புள்ளி வையுங்கள். பெடல் அச்சு அந்தப் புள்ளிக்கு நேர் கீழே அல்லது ஐந்தாறு மில்லிமீட்டர் பின்னால் வருகிற மாதிரி கிளீட்டை நகர்த்துங்கள். முன்னால் மட்டும் போக வேண்டாம், கெண்டைக்கால் தசையும் குதிகால் நரம்பும் சண்டைக்கு வரும். கோணத்துக்கு எளிய வழி: உயரமான மேசையின் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிடுங்கள். பாதம் இயல்பாக எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதே கோணத்தில் கிளீட். என் வலது பாதம் வெளிப்பக்கம் பார்க்கும், இடது நேராகப் பார்க்கும். இரண்டையும் ஒரே மாதிரி வைத்தால்தான் சரி என்று நினைத்து ஒரு பருவம் முழுக்க வலது முட்டியைக் கெடுத்துக்கொண்டேன். ஸ்க்ரூவில் துளி கிரீஸ் வைத்து 5-6 நியூட்டன் மீட்டர் முறுக்குங்கள். 4 மில்லிமீட்டர் ஆலன் கீயின் குட்டைப் பக்கத்தைப் பிடித்துக் கையால் நன்றாக இறுக்கினால் ஏறக்குறைய அந்த அளவு வரும். முதல் இரண்டு ஓட்டத்துக்குப் பிறகு மறுபடி இறுக்கிப் பாருங்கள். ஸ்க்ரூ தளர்ந்தால் குதிகால் திரும்பும், கிளீட் திரும்பாது, கால் வெளியே வராது. நான் விழுந்ததிலேயே மோசமானது இப்படித்தான்.

பெடலைச் சைக்கிளில் மாட்டும்போது இடது பெடலுக்கு மரை தலைகீழ் என்பதை மறக்காதீர்கள். எந்தப் பக்கமானாலும் ஸ்பேனரின் கைப்பிடி மேலே இருக்கும்போது அதை முன்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் இறுகும், பின்னால் தள்ளினால் கழலும். மரையில் கிரீஸ் தடவாமல் மாட்டினால் அடுத்த வருடம் கழற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

விழும் பயம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: ஒரு முறையாவது விழுவீர்கள். ஓடும்போது இல்லை, நிற்கும்போது. வேகம் பூஜ்யமாகி, காலை எடுக்க மறந்து, மரம் சாய்வது போல மெதுவாகச் சாய்வோம். முழங்கையில் சிராய்ப்பு, பார்த்தவர்கள் முன்னால் கூச்சம், அத்தோடு சரி. அதைத் தள்ளிப்போட மூன்று காரியம் செய்யலாம். ஸ்பிரிங் இறுக்கத்தை முழுக்கக் குறைத்து வைத்துத் தொடங்குங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலிலும் முப்பது தடவை பூட்டி விடுவித்துப் பழகுங்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை வெளிப்பக்கம் வீசுவதுதான் அசைவு, காலை மேலே இழுப்பது அல்ல. பழைய பெடலின் பழக்கத்தில் கால் மேலேதான் போகும், அதை மறக்கடிக்கத்தான் இந்த முப்பது. மூன்றாவது, நிறுத்தும் இடத்துக்கு இருபதடி முன்பே ஒரு காலை எடுத்துவிடுங்கள். எப்போதும் ஒரே கால். இடது காலை எடுத்துவிட்டு உடம்பை வலது பக்கம் சாய்ப்பதுதான் பலரும் விழும் விதம். எடுத்த கால் பக்கமே சாயுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பூட்டிக்கொண்டால் காலை மேலே இழுத்தும் மிதிக்கலாம், அதனால் வேகம் பெருகும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். நம்பி வாங்காதீர்கள். சைக்கிளை ஓட்டும் விசை பெரும்பாலும் கீழ்நோக்கிய மிதியில்தான் வருகிறது. கிளிப்லெஸ் தருவது வேறு: கால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் இருக்கும், குண்டும் குழியுமான சாலையில் நழுவாது, வேகமாகச் சுற்றும்போதும் எழுந்து நிற்கும்போதும் தைரியம் வரும். இவை போதாது என்று தோன்றினால் முள் வைத்த தட்டைப் பெடலிலேயே தொடருங்கள். குறை ஒன்றும் இல்லை.

பழைய பெடல் வாங்கலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். தாராளமாக, அதுவும் எஸ்பிடி என்றால் கண்ணை மூடிக்கொண்டு இல்லாவிட்டாலும் அரைக்கண்ணோடு வாங்கலாம். அச்சைப் பிடித்துக்கொண்டு பெடலை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், ‘லொட லொட’ என்றால் வேண்டாம். விரலால் சுழற்றினால் கரகரப்பு இல்லாமல் சுழல வேண்டும். மூன்று துளை வகையில் கிளீட்டின் மூக்கு நுழையும் முன்விளிம்பில் விரலை ஓட்டுங்கள், பள்ளம் விழுந்திருந்தால் கால் ஆடும். இறுக்கம் மாற்றும் ஸ்க்ரூ திரும்புகிறதா என்றும், அச்சின் மரை நசுங்காமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய கிளீட்டை இலவசமாகக் கொடுத்தால் மறுத்துவிடுங்கள். அது அவருடைய காலின் கோணத்துக்கும் அவருடைய நடைக்கும் தேய்ந்தது. பெடல் பழசாக இருக்கட்டும், கிளீட் புதிதாக வாங்குங்கள். ஓட்டம் பிடித்துப்போய், ஆறேழு மாதம் கழித்து அதை மாற்றும் நாள் வந்தால், கழற்றுவதற்கு முன் ஷூவின் அடியில் கிளீட்டைச் சுற்றி மார்க்கரால் ஒரு கோடு வரையுங்கள். ஸ்க்ரூத் தலைக்குள் அடைந்திருக்கும் மண்ணை ஊசியால் சுரண்டிவிட்டு அப்புறம் ஆலன் கீயை வையுங்கள், இல்லாவிட்டால் தலை மழுங்கிவிடும்.